பதினோராவது கேள்வி

ஜனவரி 9

பற்களின் பேரரசி, என் அருமைச் சீமாட்டிக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். அத்தையின் முழங்கால் மட்டும் தனி அரசாங்கம் நடத்துகிறது. மாடிப்படி ஏறும் மசோதாவை நேற்றும் நிராகரித்துவிட்டது. நீ போன் செய்தாயாம், நான் எடுக்கவில்லையாம். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மோட்டார்களோடு குடித்தனம் நடத்திய காது இது. நீ போனில் 'மாமா' என்றால் பக்கத்து ஊரில் யாரோ மரம் அறுப்பது போலக் கேட்கிறது. கடிதம்தான் நமக்குச் சரி. அதில் நீ கத்தவும் வேண்டாம், நான் 'ஆங், ஆங்' என்று பொய்யாகத் தலையாட்டவும் வேண்டாம்.

குழந்தை நல மதிப்பீட்டுக் குழு எனக்கு அனுப்பிய படிவம் வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு கேள்வி. ஒரு தேசத்தின் மேல் படையெடுக்கக்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். உன்னைப் பெற என் அக்கா எந்தக் குழுவுக்கு மனுப் போட்டாள்? என்னைப் பெறுமுன் ஒரு குழு வந்து என் அப்பாவைப் பார்த்திருந்தால் அனுமதி கிடைத்திருக்குமா? நான் இன்றைக்கும் கோப்பிலேயே கிடந்திருப்பேன். ஊரில் அவனவன் கேட்பாரில்லாமல் பெற்றுத் தள்ளுகிறான். மருத்துவமனை வாசலில் நிற்பவளைத்தான் சட்டம் பிடித்து உட்கார வைத்து, 'நீ நல்ல தாயாக இருப்பாயா, நிரூபி' என்கிறது. எனக்கு இதில் ஏதோ சூது இருப்பதாகவே படுகிறது. அந்த அலுவலகத்தில் யாரையும் நம்பாதே. தண்ணீர் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடி.

ஆனால் ஒன்று. தனியாகப் பெற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை வளர்ப்பவர் யார் என்ற கட்டத்தில் நீ என் பெயரை எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு ஆறு அங்குலம் உயரம் கூடிவிட்டது. வாசல் நிலை இடிக்கிறது. தச்சனைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் பதினெட்டில் உனக்கு நாற்பது. அதற்குள் கருத்தரிப்புச் சிகிச்சை தொடங்காவிட்டால் சட்டம் கதவைச் சாத்திவிடும் என்பதை மறக்கவில்லை. அதனால் ஒரே மூச்சில் எழுதி இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். அவர்கள் கொடுத்திருந்த இடம் என் கையெழுத்துக்கே போதாது. ஏழு தாள் தனியாக இணைத்திருக்கிறேன். படித்து முடித்ததும் குழு முழுவதும் எழுந்து நின்று உனக்கு இரட்டைக் குழந்தையாகவே அனுமதி கொடுத்துவிடும், பார்.

உன் புகழ் பாடியே தொண்டை கட்டிய
மாமா

*

பிப்ரவரி 3

அன்புள்ள மாமா,

நலம்தானே. அத்தைக்கு முழங்கால் உறை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

உங்கள் ஏழு தாளுக்கு நன்றி. ஆனால் இங்கே காரியம் ஏதோ கோணலாகப் போகிறது. நல அலுவலர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் பெரிய பை, குரலை உயர்த்தாமல் பேசுகிற பெண். ஜன்னல் கம்பி இடைவெளியை அளந்தார், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். அதெல்லாம் விதிதான், தெரியும். பிறகு சமையலறைக்குப் போய்த் தட்டுகளை எண்ணினார். எண்ணி, எழுதிக்கொண்டார்.

"ஒரு தட்டு குறையுதா?" என்றார்.

"எந்தத் தட்டுங்க?"

"நீங்களே சொல்லுங்க."

அப்புறம், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்று விதமாகக் கேட்டார். பேசாமல் போய்ப் பல் தேய்ப்பேன் என்றேன். நான் பல் செட் செய்கிறவள், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவர் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்டார்: "உங்க பொறுப்புல இருந்த குழந்தையை எங்கயாவது விட்டுட்டு மறந்திருக்கீங்களா?"

"இல்லை" என்று சொல்ல எனக்கு ஐந்து வினாடி ஆனது. ஏன் ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஐந்து வினாடியையும் அவர் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நேற்றுத் தபால் வந்தது. 'உறவு மற்றும் சுற்றத்தாரிடமிருந்து பெறப்பட்ட தகவல்களின் காரணமாக விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.' யாரோ என்னைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறார்கள், மாமா. யார்? முன்னாள் கணவரா? மேல் மாடி அம்மாவா? அவரையும் அலுவலர் விசாரித்தாராம். வேலையிடத்திலும் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நேற்று ஒரு கிழவருக்கு மேல்வரிசையை இரண்டு நிறம் வெளுப்பாகச் செய்துவிட்டேன். போட்டுக்கொண்டு சிரித்தால் சுவிட்சைப் போட்ட மாதிரி இருக்கும் மனிதருக்கு.

நாலரை மாதம்தான் இருக்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எழுதுங்கள்.

உங்கள்
சீமாட்டி

*

பிப்ரவரி 8

வஞ்சகர்களால் சூழப்பட்ட என் சீமாட்டிக்கு,

கடிதம் கண்டேன். பல்லைக் கடித்தேன். அது நீ செய்துகொடுத்த செட் என்பதால் உடையவில்லை.

உடனே துப்பறியக் கிளம்பிவிட்டேன். முதல் சந்தேகம் உன் முன்னாள் மேல். அவன் வேலை பார்க்கிற குளியலறை ஓடு விற்கும் கடைக்குக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகப் போனேன். என்னைப் பெற்றவளே அடையாளம் கண்டிருக்க மாட்டாள். அவன் தூரத்திலிருந்தே, "வாங்க மாமா, உக்காருங்க, தொப்பி நல்லாருக்கு" என்றான். தேநீர் வாங்கிக் கொடுத்தான். நான் வளைத்து வளைத்துக் கேட்டேன். "அவளுக்குக் குழந்தை கிடைச்சா எனக்கும் நிம்மதிதான் மாமா. என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல" என்றான். கண்ணில் ஈரம் வேறு. இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்? இருந்தாலும் தேநீரை உத்தேசித்து இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

முதலிடம் மேல் மாடி அம்மாவுக்கு. சந்தேகமே வேண்டாம். நான் உன் வீட்டுக்கு வந்த நாலு தடவையும் அந்த அம்மா படிக்கட்டு வளைவில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கழுத்துக்கு ஒட்டகச்சிவிங்கிகள் சங்கத்தில் தலைவர் பதவியே கொடுக்கலாம். தட்டுச் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் தரை வழியாகக் கேட்பது யாருக்கு? மேலே இருக்கிறவளுக்குத்தானே. ஒரு கரண்டி விழுந்ததைத் தட்டு பறந்ததாகச் சொல்லியிருப்பாள். சில பேருக்கு எதையும் ஊதிப் பெரிதாக்காமல் சொல்லவே வராது. நேராகப் போய்க் கேள். முகத்துக்கு நேரே கேட்டால் உளறிவிடுவாள்.

அத்தை உறையைப் போட்டுக்கொண்டாள். முழங்கால் அரசாங்கம் கவிழும் நிலையில் இருக்கிறது.

என் செல்ல மகள் வாலுவுக்கு இந்த மாதம் இரவுப் பணி. ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிறாள். உன்னை விசாரித்தாள். விவரம் எதுவும் நான் சொல்லவில்லை.

எதிரிகளை நடுங்க வைக்கும்
மாமா

*

பிப்ரவரி 20

மாமா,

மேல் மாடி அம்மாவிடம் கேட்டேன். படிக்கட்டில் வைத்து, நீங்கள் சொன்னபடி முகத்துக்கு நேரே. "என்னைப் பத்தி என்ன சொல்லிவிட்டீங்க?" என்று. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த அம்மா கண்ணைச் சுருக்கி என் முகத்தைத் தேடினார். பிறகு, "தினமும் மேல வந்து என் கண்ணுக்கு மருந்து ஊத்துறியே, அதைச் சொன்னேன். அது தப்பாம்மா?" என்றார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து மருந்துக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. பால்காரரை ஊற்றச் சொல்கிறார். அவர் பாதியைக் கன்னத்தில் ஊற்றுகிறார்.

ஆக, அவரில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முன்னாளும் இல்லை.

இன்னொன்று. நான் எழுதியதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொன்னீர்கள். அலுவலர் கதவருகில் நின்று கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். தற்செயலா?

விண்ணப்பத்தை நிறுத்தினால் கோப்பின் நகலைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டிருக்கிறேன். இருபது நாளில் தருவார்களாம்.

சீமாட்டி

*

பிப்ரவரி 24

அருமைச் சீமாட்டிக்கு,

கோப்பு எல்லாம் எதற்கு? அரசாங்கக் கோப்பைத் திறந்து பார்த்து நன்றாக இருந்தவர் யாரும் கிடையாது. என் நண்பர் ஒருவர் தன் கோப்பைப் படித்துவிட்டு எட்டு வருடம் யாருடனும் பேசவில்லை. யாரோ என்னவோ எழுதிவிட்டுப் போகிறார்கள். பேசாமல் நல்ல வக்கீலாகப் பார். வேண்டுமானால் நானே நேரில் போய் அந்த அலுவலரிடம் பேசுகிறேன். நகல் கேட்ட மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். அது அவர்களுக்கு எரிச்சலைத்தான் கொடுக்கும்.

கேள்விக்குப் பதில் எழுதாததா? தாள் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாமா

*

மார்ச் 11

மாமாவுக்கு,

நகல் வந்துவிட்டது. கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது உங்கள் ஏழு தாள்.

ஆறாவது கேள்வி, என் கோபத்தைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பது: 'கோபம் வந்து இவள் வீசிய தட்டு ஒன்று இன்னும் தரையிறங்கவில்லை. வானிலை ஆய்வு மையத்தார் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.' உங்கள் தாள்களைச் சுருக்கி, கட்டம் போட்டுத் தட்டச்சு செய்திருக்கிறார் ஒரு எழுத்தர். அவர் எழுதியது: 'கோபத்தில் தட்டு எறிந்துள்ளார். தட்டு இதுவரை மீட்கப்படவில்லை.'

இதைப் படித்துச் சிரித்தேன் மாமா. நிஜமாகவே. நான் எறிந்தது ஒரு டப்பா மூடி, பிளாஸ்டிக், அதுவும் சுவரில். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பதினோராவது கேள்வி. 'விண்ணப்பதாரரின் பொறுப்பிலிருந்த குழந்தை எப்போதாவது கவனிப்பின்றி விடப்பட்டதுண்டா?' உங்கள் கையெழுத்தில்: 'என் ஒரே மகளைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு மறந்துபோன மகாராணி இவள். மூன்று பகல், மூன்று இரவு. குழந்தையின் தலையில் புறா கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது. ஆனாலும் என் மகள் பிழைத்தாள். ஆகவே இவள் வளர்க்கிற பிள்ளை எதையும் தாங்கும்.' எழுத்தர்: 'உறவினரின் ஆறு வயது மகளைப் பள்ளியில் விட்டுச் சென்றுள்ளார். கால அளவு மூன்று நாட்கள் எனக் கூறப்படுகிறது, சரிபார்க்கவும். பறவை பற்றிய தகவல் தெளிவாக இல்லை.'

மூன்று நாளை இரண்டேகால் மணி நேரமாக்க என்னால் முடியும். பள்ளியில் பதிவேடு இருக்கும். புறாவையும் விளக்கிவிடலாம். 'மறந்துபோன மகாராணி' என்பதை என்ன செய்வது?

அம்மா போன பிறகு உங்கள் வீட்டில் தங்கிப் படித்தேன். எனக்குப் பத்தொன்பது. புதன்கிழமைகளில் வாலுவைக் கூட்டி வருவது என் வேலை. அந்தப் புதன்கிழமை காலையில், ஷூ போட்டுக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "உனக்குப் பரீட்சை, நீ படி. இன்னிக்கு நான் கூட்டிட்டு வர்றேன்." சாயங்காலம் வாட்ச்மேன் குழந்தையைக் கையில் பிடித்து அழைத்து வந்து நின்றபோது அத்தை கத்தினாள், "யார் போகணும் இன்னிக்கு?" நீங்கள் என்னைப் பார்த்து, "புதன்கிழமை அவதானே" என்றீர்கள். நான் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அது இரண்டு மணி நேரத்திலிருந்து அரை நாளானது. வருடக் கடைசியில் ஒரு நாள். என் கல்யாணத்தில் இரண்டு நாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து, நீங்கள் காலையில் அப்படிச் சொன்னீர்களா, இல்லை நானே தப்பிக்கக் கட்டிக்கொண்டதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அலுவலர் கேட்டபோது ஆன ஐந்து வினாடி அதுதான். குழந்தையை மறந்துவிடுகிற ஜாதியாக நான் இருந்தால் எனக்கு எதற்குக் குழந்தை என்று இந்த ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்டுகளுக்குச் சான்று எழுதினீர்கள். ஒரு அங்குலம் கம்பி தேய்ந்திருந்தால் ஒரு அங்குலம் என்றுதான் எழுதுவீர்கள், அரை அங்குலம் கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. அதை நம்பி ஜனங்கள் ஏறி நின்றார்கள். எனக்கு எழுதும்போது அந்தக் கை எங்கே போயிற்று?

அன்றைக்கு நீங்கள் சொன்னீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 17

அன்புள்ள மருமகளுக்கு,

சொன்னேன். இடது கால் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னேன். நீ சமையல் மேடை அருகில் புத்தகத்தோடு நின்றிருந்தாய்.

மூன்று ஐம்பதுக்கு வேலை முடிந்தது. பள்ளி நான்கு மணிக்கு விடும். வழியில் டீக்கடையில் நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினேழாவது மாடியில் சிக்கிய ஒரு லிஃப்ட் கதையை ஆரம்பித்தேன். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். அதனால் இன்னொன்று சொன்னேன். வீட்டுக்கு வந்தபோது ஆறே முக்கால். வாட்ச்மேன் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அத்தை கேட்டாள். பயத்தில் உன் பெயரைச் சொன்னேன். மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அதை வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்ததும், இனித் திருத்த வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

படிவத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை தானாக அந்தக் கதையை எழுதிவிட்டது. உனக்குக் கெடுதல் செய்ய எழுதவில்லை. ஆனால் உன் பிப்ரவரிக் கடிதத்தில் 'தட்டு' என்று படித்த உடனே காரியம் என்னால்தான் கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் மேல் மாடி அம்மாவை உனக்குக் காட்டிவிட்டேன். இதை நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாம் மாடி, ஒன்பதாம் அறை. அந்த நல அலுவலர்தான் இருந்தார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: குழந்தை நின்றது இரண்டு மணி பதினைந்து நிமிடம். கூட்டி வரப் பொறுப்பேற்றிருந்தவன் நான். மறந்தவன் நான். பழியை மருமகள் மேல் போட்டவன் நான். தட்டு எதுவும் எறியப்படவில்லை. புறா இல்லை.

அலுவலர் படித்தார். "மாற்றுப் பாதுகாவலர் கட்டத்துல உங்க பேருதானே இருக்கு?" என்றார்.

"ஆமா."

"இதை நான் கோப்புல சேர்த்தா உங்க பேரை எடுத்துடுவாங்க. தெரியுமில்ல?"

"சேருங்க" என்றேன்.

வீட்டில் அத்தையிடமும் வாலுவிடமும் சொன்னேன். அத்தை எழுந்து உள்ளே போனவள் ராத்திரி வரை வெளியே வரவில்லை. வாலு சீருடையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "எனக்கு அப்பவே தெரியும்பா" என்றாள். "காலைல நீ சொன்னப்ப நானும்தானே அங்க நின்னேன். அப்பா வருவார்னு வாட்ச்மேன்கிட்டயும் சொல்லிட்டே இருந்தேன்."

"ஏன்டி இத்தனை வருஷம் சொல்லல?"

"நீ சொல்லச் சொல்ல எல்லாரும் சிரிச்சாங்க. உனக்கும் சந்தோஷமா இருந்துச்சு."

ஏழு தாள் எழுதியவன் இன்றைக்கு ஒரு தாளில் நிறுத்துகிறேன். நீ குழந்தையை மறக்கிற ஆள் இல்லை. அது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

மாமா

*

ஏப்ரல் 29

மாமாவுக்கு,

அனுமதி வந்துவிட்டது. இன்று காலை பதினொரு மணிக்கு, பல் அச்சில் மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தபோது தகவல் சொன்னார்கள். மெழுகு ஆறிப்போய் அச்சு வீணாகிவிட்டது.

உங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தில் வாலுவின் பெயரை எழுதியிருக்கிறேன். அவளே கேட்டாள். அலுவலர் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், "நீங்கதான் அந்தப் பள்ளி வாசல் குழந்தையா?" என்று.

மேல் மாடி அம்மா இன்னும் பேசவில்லை. கதவருகில் பழம் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அனுமதியோடு ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வந்தது. கொடையாளர் மூலம் பிறக்கிற குழந்தைக்கு, பத்து வயதுக்குள், தான் எப்படி வந்தோம் என்பதைத் தாய் உள்ளபடி சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது, வேறு கதை சொல்லக் கூடாது. இதற்காகவே சட்டத்தில் ஒரு பிரிவு. விண்ணப்பம் போட்ட நாளில் அதைப் படித்தபோது, பெற்றவளுக்கு இதைக்கூடச் சட்டம் போட்டா சொல்ல வேண்டும் என்று உங்களைப் போலவே எரிச்சல் வந்தது. இன்றைக்கு இரண்டாவது முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் அலுவலகத்துக்குப் போனது எனக்குப் பெரிய விஷயம். நீங்கள் போகாவிட்டால் இந்தக் கடிதமே இல்லை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோபமும் அவ்வளவாக இப்போது இல்லை. ஆனால் உங்கள் மார்ச் மாதக் கடிதத்தையும், ஆனந்தமாக இருந்த பழைய கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். எந்த வரியில் நீங்கள் இருக்கிறீர்கள், எந்த வரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறீர்கள் என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன். முழங்கால் அரசாங்கத்தைக்கூடச் சந்தேகப்பட்டு அத்தைக்கே போன் செய்து கேட்டேன். நிஜமாகவே வலிக்கிறதாம்.

குழந்தை வந்தால் பார்க்க வாருங்கள். யானை பறந்தது என்று சொல்லுங்கள், அது சிரிக்கட்டும். நீங்கள் பேசி முடிக்கும்வரை நான் அந்த அறையிலேயே இருப்பேன். எது நடந்தது, எது கதை என்று அதற்கே பிரிக்கத் தெரிகிற வயது வரும்வரை, அப்படித்தான்.

திங்கட்கிழமை முதல் ஊசி. காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். வாலு அழைத்துப் போகிறாள். நானும் வரட்டுமா என்று நீங்கள் கேட்டதாக அத்தை சொன்னாள். இந்த முறை வேண்டாம், மாமா.

உங்கள் மருமகள்